ஊதா மூடி, பச்சை மூடி

டெங்குக் காலம் வந்தால் மலையகத் தோட்டங்களிலும் "பிளேட்லட் எவ்வளவு?" என்று கேட்காதவர் இல்லை. அந்த எண்ணைத் தரும் இரத்தம் ஊதா மூடி போட்ட சிறு குழாய்க்குள் எடுக்கப்படுகிறது. குழாயின் உட்சுவரில் ஈ.டி.டி.ஏ என்ற உப்பு பூசியிருக்கும். இரத்தம் உறையக் கல்சியம் தேவை, ஈ.டி.டி.ஏ அந்தக் கல்சியத்தைக் கவ்விக்கொள்வதால் இரண்டு மூன்று மில்லிலீற்றர் இரத்தம் மணிக்கணக்கில் உறையாமல் நிற்கும். குருதிப் புற்றுநோயை ஆராய்பவரின் வேலையும் பெரும்பாலும் இந்தக் குழாயில்தான் தொடங்குகிறது. அவர் முதலில் கற்பது நோயைப் பற்றி அல்ல, குழாயைச் சந்தேகிக்க.

முழுக் குருதி எண்ணிக்கை எடுக்கும் எஃப்.பி.சி இயந்திரம் கலங்களை ஒரு நுண்துளை வழியாக ஒவ்வொன்றாக ஓடவிட்டு எண்ணுகிறது. வெண்குழியங்கள் ஒரு மைக்ரோலீற்றரில் 4,000 முதல் 11,000 வரை இருப்பது இயல்பு. குருதிப் புற்றுநோய்களில் ஒன்றான நாட்பட்ட மயலொயிட் லூக்கேமியாவில் இது ஒரு லட்சத்தையும் தாண்டலாம். நோயாளி சொல்வதோ அலுப்பு, மலை ஏறினால் மூச்சு வாங்குது, இடப்பக்க வயிறு பாரமாக இருக்கு என்பவைதாம். கொழுந்தெடுக்கும் பெண் இப்படிச் சொன்னால் "ரத்தம் குறைவு" என்று இரும்புக் குளிசை கொடுத்து அனுப்புவது வழக்கம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும், இரும்புக் குறைபாடு அவ்வளவு பரவலானது. பாரம் மண்ணீரல் வீங்கியதாலா என்று வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் விடுவதுதான் பிழை.

எண்ணையும் உடனே நம்பிவிடக் கூடாது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பம் 16 பாகை அளவுதான். சிலருடைய இரத்தத்தில் குளிரில் மட்டும் செங்குழியங்களை ஒட்டவைக்கும் பிறபொருளெதிரிகள் உண்டு. லிம்போமா எனும் நிணநீர்ப் புற்றுநோய்கள் சிலவற்றோடு சேர்ந்தும் இவை வரும். கொழும்பு வெக்கையில் பேசாமல் இருக்கும் அந்த இரத்தம் குளிர்ந்த ஆய்வுகூட மேசையில் திட்டுத்திட்டாகக் கட்டிவிடும். இயந்திரம் ஒரு திட்டை ஒரு பெரிய கலம் என்று எண்ணும். செங்குழிய எண்ணிக்கை சரியும், கலத்தின் சராசரிப் பருமன் ஏறும். ஹீமோகுளோபினைக் கலங்களை உடைத்த பிறகு அளப்பதால் அது மட்டும் சரியாக இருக்கும். ஆகவே செங்குழியத்துக்குள் ஹீமோகுளோபின் செறிவு டெசிலீற்றருக்கு 37 கிராமுக்கு மேல் என்று இயல்பில் நடக்காத ஓர் எண் விழும். குழாயை 37 பாகை நீர்த்தொட்டியில் கால் மணி, அரை மணி வைத்துச் சூட்டோடு திரும்ப ஓட்டினால் எண்கள் சீராகும். பிளேட்லட்டுக்கும் இதுபோல ஒரு பொறி இருக்கிறது. சிலருக்கு ஈ.டி.டி.ஏயே பிளேட்லட்டுகளைக் கட்டியாக்கிப் பொய்யான குறைவைக் காட்டும். அப்போது நீல மூடி சிற்றேற்றுக் குழாயில் புதிதாக எடுத்து, கிடைத்த எண்ணை 1.1ஆல் பெருக்க வேண்டும். அந்தக் குழாயில் ஒன்பது பங்கு இரத்தத்துக்கு ஒரு பங்கு திரவம் ஏற்கெனவே இருக்கிறதல்லவா.

அடுத்தது "பிளட் பிக்சர்", இரத்தத்தைப் படலமாக இழுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பது. கண்ணாடித் தட்டின் ஓரத்தில் சிறு துளி, அதன்மேல் இன்னொரு கண்ணாடி 30 முதல் 45 பாகைச் சாய்வில், ஒரே இழுப்பு. சாய்வு கூடினால் படலம் தடிக்கும், தயங்கி இழுத்தால் வரி விழும். இழுத்ததும் விரைவாகக் காய வேண்டும். மலையகத்தில் தொல்லை தருவது இந்த இடம். பனிமூட்டம் ஜன்னலுக்குள் வரும் நாளில் படலம் மெல்லக் காய்ந்தால் கலங்கள் சுருங்கி வடிவம் கெடும். பதப்படுத்தும் மெதனோலும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அதில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு நீர் சேர்ந்தாலே செங்குழியங்களுக்குள் பளபளக்கும் வளையங்கள் தோன்றும். அவற்றை நோய் என்று படித்தவர்களும் உண்டு. மருந்து மிகவும் எளிது: மெதனோல் போத்தலை உடனுக்குடன் இறுக மூடுவது, சிறு போத்தல்களாக வாங்குவது, தட்டுகளை விசிறிக் காற்றில் காயவைப்பது.

பிறகு லீஷ்மன் சாயம் இரண்டு நிமிடம். அதன்மேல் இருமடங்கு தாங்கல் நீர், பி.எச் 6.8, பத்து நிமிடம் அளவில். நீர் அமிலப் பக்கம் போனால் எல்லாம் சிவந்து கருக்கள் வெளிறும், காரப் பக்கம் போனால் எல்லாம் நீலம். குழாய்த் தண்ணீரால் கழுவிச் சமாளிப்பது இங்கே கைகொடுக்காது.

நாட்பட்ட மயலொயிட் லூக்கேமியாவின் பிளட் பிக்சரை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். எலும்பு மச்சைக்குள் இருந்து முதிர்ந்தபின் வெளிவர வேண்டிய வெண்குழியங்கள், முதலாம் வகுப்பில் இருந்து உயர்தரம் வரை முழுப் பாடசாலையும் வீதிக்கு வந்ததுபோல, எல்லா வயதிலும் நிற்கும். தீவிர லூக்கேமியாவில் முதலாம் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் குவிந்திருப்பார்கள். இந்த இளங்கலங்கள் நூற்றுக்கு 20 அல்லது அதற்கு மேல் என்பதே பொதுவான எல்லை. அவற்றுக்குள் ஊசிக்கற்றைகள் தெரிந்தால், புரோமயலோசைற்றிக் வகை என்று ஐயம் எழுந்த அன்றே ஏ.டி.ஆர்.ஏ குளிசையைத் தொடங்க வேண்டும். மரபணு முடிவு வரும்வரை காத்திருந்தால் மூளையிலோ நுரையீரலிலோ இரத்தக்கசிவு முந்திக்கொள்ளும்.

இனிப் பச்சை மூடி. இதற்குள் ஹெப்பரின் இருக்கும். கல்சியத்தை அது தொடாது, ஆகவே கலங்கள் உயிரோடு இருந்து பிரியக்கூடும். நிறமூர்த்தங்களைப் பார்க்கப் பிரியும் கலம் தேவை. மற்ற நேரத்தில் அவை அவிழ்ந்த நூலாகக் கிடக்கும். எலும்பு மச்சையை இடுப்பெலும்பின் பின்மேட்டில் ஊசி இறக்கி உறிஞ்சுவார்கள். முதலில் வரும் கால் அல்லது அரை மில்லிலீற்றர் கண்ணாடித் தட்டுகளுக்கு. பேராசைப்பட்டு ஒரே இழுப்பில் கூட உறிஞ்சினால் சாதாரண இரத்தம் கலந்து மச்சை நீர்த்துப்போகும். அடுத்த இழுப்பு பச்சைக் குழாய்க்கு. கலங்களை 37 பாகையில் ஓரிரு நாள் வளர்த்து, கொல்சிமிட் இட்டுப் பிரிவை நடுவழியில் நிறுத்தி, 0.075 மோலர் பொற்றாசியம் குளோரைட்டில் ஊதவைத்து, மூன்றுக்கு ஒன்று மெதனோல்–அசற்றிக் அமிலத்தில் பதப்படுத்தி, தட்டில் சொட்டுவார்கள். ஊதிய கலம் வெடித்து நிறமூர்த்தங்கள் பரவும். வழக்கமாக 20 கலங்களை எண்ணுவது மரபு.

ஊதவைக்கும் இந்தப் படியின் பயனை பீற்றர் நோவெல் ஒரு தற்செயலில் கண்டார்: லூக்கேமியாக் கலங்களைக் குழாய்த் தண்ணீரில் அலசிவிட்டார், அவை வீங்கி நிறமூர்த்தங்கள் விரிந்தன. (மேலே குழாய்த் தண்ணீரைத் திட்டியதற்கு இது பரிகாரம்.) 1960இல் அவரும் டேவிட் ஹங்கர்போர்டும் நாட்பட்ட மயலொயிட் லூக்கேமியா நோயாளரிடம் அளவு குறைந்த ஒரு நிறமூர்த்தத்தை அறிவித்தார்கள், ஊர்ப்பெயராலே அது பிலடெல்பியா நிறமூர்த்தம் ஆனது. குறைந்த துண்டு தொலைந்துபோகவில்லை, 9ஆம் நிறமூர்த்தமும் 22ஆம் நிறமூர்த்தமும் துண்டு மாற்றிக்கொண்டிருக்கின்றன என்று 1973இல் ஜெனற் ரௌலி காட்டினார். நிறமூர்த்தப் படங்களைச் சாப்பாட்டு மேசையில் வெட்டி அடுக்கித்தான் அவர் அதைக் கண்டுபிடித்தார்.

மாற்றத்தில் ஏ.பி.எல் என்ற மரபணு 22இன் மரபணு ஒன்றோடு ஒட்டிவிடுகிறது. அது ஆக்கும் நொதியம், கலத்தைப் "பெருகு" என்று ஏவும் ஆளி; ஒட்டியபின் அது அணையாது. கலத்துக்குச் சக்தி தரும் ஏ.டி.பி வந்து அமரும் குழியை அடைத்து அதை அணைக்கும் மருந்து இமற்றினிப். அமெரிக்காவில் 2001இல் அங்கீகாரம் பெற்றது. வழக்கமான அளவு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம், சாப்பாட்டோடு, ஒரு பெரிய கிளாஸ் தண்ணீருடன். நொதியத்தின் 315ஆம் இடத்தில் திரியோனைன் என்ற அமினோ அமிலம் போய் ஐசோலூசின் வந்தால் மருந்து பிடிக்க வேண்டிய ஐதரசன் பிணைப்பு இல்லாமற்போகும். அப்போது பொனற்றினிப் போன்ற வேறு மருந்து வேண்டும். ஒட்டிய மரபணுவின் பிரதிகள் வேறொரு ஒப்பீட்டு மரபணுவின் பிரதிகளில் எத்தனை சதவீதம் என்ற எண்ணை வைத்தே சிகிச்சையைக் கண்காணிப்பார்கள். ஆனால் அந்த எண் ஏறினால் விகாரத்தைத் தேடுமுன், குளிசை ஒழுங்காகப் போனதா என்று கேட்பதே முதல் வேலை.

அந்த எண்ணைத் தருவது பி.சி.ஆர் சோதனை, கொவிட்டுக்குப் பிறகு விளக்கத் தேவையில்லை. (22ஆம் நிறமூர்த்தத்து மரபணுவின் ஆங்கிலப் பெயரையும் தமிழில் எழுதினால் இதே எழுத்துகள்தாம், அதனால் மேலே பெயர் சொல்லாமல் விட்டோம்.) இதற்குத் திரும்பவும் ஊதா மூடி. பச்சைக் குழாயின் ஹெப்பரின் பி.சி.ஆர் நொதியத்தைத் தடுக்கும், ஊதாவின் ஈ.டி.டி.ஏ கல வளர்ப்பைக் கெடுக்கும். ஒன்றுக்குப் பதில் மற்றதை அனுப்பினால் இரண்டு சோதனையும் வீண். சிகிச்சை தொடங்கி 3 மாதத்தில் எண் 10 சதவீதத்துக்குள்ளும், 6 மாதத்தில் 1 சதவீதத்துக்குள்ளும், 12 மாதத்தில் 0.1 சதவீதத்துக்குள்ளும் இறங்க வேண்டும். சோதனைக்கு வேண்டிய ஆர்.என்.ஏயோ குழாய்க்குள்ளேயே சிதைந்துகொண்டிருக்கும். நுவரெலியாவில் இருந்து றம்பொடை வழியாகக் கண்டிக்கு 75 கிலோமீற்றர் அளவு தூரம், வளைவுகளில் மூன்று மணி நேரம் போகும். ஐஸ் கட்டி குழாயைத் தொட்டால் கலங்கள் உடையும், வெயிலில் வைத்தால் ஆர்.என்.ஏ போகும்.

இந்த வேலைக்கு வருபவர் ஒரே பாதையில் வருவதில்லை. உயிரியல் பிரிவில் உயர்தரம், பிறகு 1962இல் தொடங்கிய பேராதனை மருத்துவபீடம் போன்ற ஒன்றில் எம்.பி.பி.எஸ், ஓராண்டு உள்ளகப் பயிற்சி, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் குருதியியலில் எம்.டி என்பது ஒரு வழி. மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானப் பட்டம் பெற்று மூலக்கூற்று உயிரியலுக்குள் நுழைவது இன்னொன்று. நல்ல படலம் இழுக்கும் கை இரண்டாமவருக்கே பெரும்பாலும் வாய்க்கிறது. எந்த ஆய்வுக்கும் முதலில் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். சம்மதப் படிவத்தை நோயாளியின் மொழியில் வாசித்துக் காட்டி, ஆய்வில் சேர மறுத்தாலும் சிகிச்சை குறையாது என்று சொல்லியாக வேண்டும். மலையக நோயாளருக்கு அந்த மொழி தமிழ். தமிழ் தெரிந்த ஆய்வாளரின் அருமை அங்கே தெரியும்.

பி.சி.ஆர் ஓடும் ஒவ்வொரு முறையும் ஒரு குழாயில் வெறும் நீர் வைக்கப்படும். தேடும் மரபணு இருந்தால்தான் குழாய் ஒளிரும், ஆகவே அது ஒளிரக் கூடாது. ஒளிர்ந்தால் எங்கோ கலப்படம், அன்றைய முடிவுகள் எல்லாம் குப்பைக்கு. ஒப்பீட்டு மரபணுவின் பிரதிகள் 10,000க்குக் குறைந்தாலும் "நோய் தெரியவில்லை" என்று எழுத முடியாது. மாதிரி போதாது என்றுதான் எழுத வேண்டும். ஊதாக் குழாயில் இரத்தம் மிஞ்சியிருந்தால் திரும்பச் செய்யலாம். மிஞ்சாவிட்டால் கொழுந்தெடுக்கும் அந்தப் பெண் ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை, விட்டு மறுபடி கண்டிக்குப் பஸ் ஏற வேண்டும். தாதியிடம் முதலிலேயே இரண்டு ஊதாக் குழாய் எடுக்கச் சொல்வது அதற்காகத்தான்.