மலையகத்தில் வீட்டுத் தேவைக் கணக்கு: பிரதேச சபை எங்கே தொடங்க வேண்டும்

இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு எத்தனை வீடு தேவை என்று கேட்டால் மூன்று பதில் வரும். தோட்ட அலுவலகம் செக்ரோலை, அதாவது தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டைப் பார்த்து ஒன்று சொல்லும். தொழிற்சங்கத் தலைவர் லயக் காம்பராக்களை (தொழிலாளர் வரிசை வீட்டு அறைகளை) எண்ணி இன்னொன்று சொல்வார். கிராம உத்தியோகத்தர் வாக்காளர் இடாப்பைப் புரட்டி வேறொன்று சொல்வார். மூன்றையும் வைத்துக்கொண்டு திட்டம் போட்ட இடங்களிலெல்லாம் வீடு கட்டி முடிந்த பிறகும் லயம் நிரம்பியே இருக்கிறது.

காரணத்தை ஒரு காம்பராவுக்குள் நின்று பார்த்தாலே புரிந்துவிடும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. இஸ்தோப்பை (முன் விறாந்தையை) பலகையாலும் சீட்டாலும் மறைத்து மகனும் மருமகளும் படுக்க இடம் செய்திருப்பார்கள். பின்பக்கம் தகரம் இறக்கிய குசினியில் இரண்டு அடுப்பு. மகன் கொழும்பில் கடை வேலை, மருமகள் ஆடைத் தொழிற்சாலை, தகப்பன் ஓய்வு பெற்றவர். இந்த வீட்டில் செக்ரோல் பெயர் தாயாருடையது மட்டும்தான். தாயாரும் அடுத்த வருடம் ஓய்வு பெற்றால் தோட்டக் கணக்கில் இந்தக் குடும்பமே இல்லை. இரண்டு குடும்பம், நாலு உயிர், பட்டியலில் பூச்சியம்.

ஆகவே அலகு காம்பராவும் அல்ல, செக்ரோல் இலக்கமும் அல்ல. தனி அடுப்பு வைத்திருக்கும் குடும்பமும், இடமில்லாததால் தனி அடுப்பு வைக்க முடியாத திருமணமான சோடியும்தான் அலகு. இந்தக் கணக்கைப் பிரதேச சபை தன் கையால் எடுக்க வேண்டும். தோட்டத்தில் வேலை செய்யாதவர்களையும் சேர்த்து எண்ணும் கடமை கம்பனிக்கு இல்லை. சபைக்கு வாக்களித்தவர்கள் அவர்களும்தான்.

முன்பு சபைகளுக்கு ஒரு சட்டத் தடை இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிட முடியாதபடி வைத்திருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. அதே காலத்தில் நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் பிரிக்கப்பட்டு கொட்டகலை, அக்கரபத்தனை, நோர்வூட், மஸ்கெலியா சபைகள் தனியாக வந்தன. 2025 மே தேர்தலுக்குப் பிறகு சபைகள் மறுபடி உறுப்பினர்களோடு இயங்குகின்றன. "தோட்டம் எங்கள் அதிகாரத்தில் இல்லை" என்ற பதிலைப் பொதுமக்கள் இனி ஏற்க வேண்டியதில்லை.

வீட்டுக்கான பெரும்பணம் சபையிடம் இருந்து வரப்போவதில்லை என்பதும் உண்மைதான். அது அமைச்சின் ஊடாக, இந்திய வீடமைப்புத் திட்டம் போன்றவற்றின் ஊடாக வரும். ஆனால் கட்டிய வீட்டில் மனிதர் குடியிருக்க முடியுமா என்பதைத் தீர்மானிக்கும் பாதை, கான் (வடிகால்), குப்பை, தெருவிளக்கு, மயானம், கட்டட அனுமதி எல்லாம் சபையின் மேசைக்கு வருபவை. சட்டத்தின் 12ஆம் பிரிவில் வீடமைப்பு மற்றும் சமூக அபிவிருத்திக்கென்றே ஒரு குழு உண்டு. அதில் உறுப்பினர் அல்லாத ஊரவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். ஓய்வு பெற்ற ஆசிரியர், குடும்பநல உத்தியோகத்தர், மாதர் சங்கத்தில் ஒருவர், வரைபடம் படிக்கத் தெரிந்த ஒரு இளைஞர் என்று நான்கு பேரைச் சேர்த்தாலே குழுவுக்கு உயிர் வந்துவிடும்.

கணக்கெடுப்புப் படிவம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. டிவிசன் (தோட்டப் பிரிவு), லயத்தின் இலக்கம், காம்பரா இலக்கம், எத்தனை குடும்பம், ஒவ்வொருவரின் வயதும் தொழிலும், மாற்றுத்திறனாளி உண்டா, கூரைத் தகரத்தின் நிலை, சுவர் வெடிப்பு, தண்ணீர் எங்கிருந்து, மலசலகூடம் எத்தனை பேருக்கு ஒன்று, லயத்துக்கு மேலே சரிவு எப்படி இருக்கிறது. இவ்வளவு போதும். இருவர் கொண்ட அணி, அதில் ஒருவர் கட்டாயம் பெண். ஆண்கள் மட்டும் போனால் இஸ்தோப்பில் நின்று கேட்டுவிட்டுத் திரும்புவார்கள். உள்ளே எத்தனை பேர் படுக்கிறார்கள் என்பது தெரியாது. பகலில் போனால் பாதி வீடு பூட்டியிருக்கும். கொழுந்து நிறுத்தி வரும் மாலை நேரமும் ஞாயிறும்தான் சரி. வெளியூரில் வேலை செய்வோரைத் தீபாவளி, தைப்பொங்கல் விடுமுறையில் சரிபார்க்க வேண்டும்.

முடித்த பட்டியலைக் கோயிலிலும் பிள்ளை மடுவத்திலும் (குழந்தைப் பராமரிப்பு நிலையத்திலும்) இரண்டு வாரம் ஒட்டி வையுங்கள். ஆட்சேபனைகளை எழுத்தில் வாங்குங்கள். கட்சிக்காரர் பெயர் மேலே ஏறுவதையும், விதவையின் பெயர் கீழே இறங்குவதையும் இதைவிட நன்றாகத் தடுக்க வேறு வழி இல்லை. வீட்டு உரிமையில் கணவன், மனைவி இருவர் பெயரும் வர வேண்டும் என்றால் படிவத்திலேயே இருவர் பெயரையும் எழுதிவிட வேண்டும். பிறகு சேர்ப்பது நடக்காது.

பத்து வருடத் தேவையை இந்தப் பட்டியலிலிருந்தே எடுக்கலாம். 15 முதல் 30 வயது வரையான, திருமணமாகாதவர்களை எண்ணுங்கள். ஊரிலேயே இருப்பேன் என்பவர் எத்தனை, வெளியே போய்விடுவேன் என்பவர் எத்தனை என்று அவர்களிடமே கேளுங்கள். இன்றைய நெரிசலோடு அந்த எண்ணையும் சேர்த்தால்தான் எத்தனை ஏக்கர் கேட்பது என்று தெரியும்.

யாரால் எவ்வளவு தாங்க முடியும் என்பது அடுத்தது. 2025இல் இருந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் 25 நாள் முழுதாக வேலை கிடைத்தால் 33,750 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் போக 31,050. பத்து லட்சம் ரூபாவை 10 வீத வட்டியில் 15 வருடத்துக்குக் கடன் எடுத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 10,750. அதாவது ஒரு சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். இந்திய திட்டத்தின் பத்தாயிரம் வீட்டுக் கட்டத்தில் ஒரு வீட்டுக்கு 28 லட்சம் என்று கணக்கு வைத்தார்கள். அதை அப்படியே கடனாக்கினால் தவணை 30,000ஐத் தொடும். நாட்சம்பளம் கூடினாலும் பல தோட்டங்களில் 25 நாள் வேலை கிடைப்பதில்லை. தோட்டச் சம்பளத்தை மட்டும் நம்பியிருக்கும் குடும்பத்திடம் கடன் வீடு பேசுவது அநியாயம். அவர்களுக்கு முழு மானியம்தான்.

ஆனால் எல்லாக் குடும்பமும் அந்த நிலையில் இல்லை. வெளிநாட்டு உழைப்போ கொழும்பு வருமானமோ உள்ள குடும்பம், உறுதிப் பத்திரத்தோடு காணி கிடைத்தால் வீட்டைத் தானே கட்டிக்கொள்ளும். அவர்களுக்குத் தேவை நிலஅளவை, உறுதி, பாதை, தண்ணீர். வீட்டு நிதி எப்போது வரும் என்று காத்திருக்கும் சபை, இவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தால் குறைந்த செலவில் நிறையக் குடும்பங்களை லயத்திலிருந்து வெளியே கொண்டுவர முடியும். கூரையும் கானும் சீராக்கினால் சில வருடம் நிம்மதியாக இருக்கக்கூடிய வீடுகளையும் தனியாகக் குறியுங்கள். எல்லோருக்கும் புது வீடு என்று எழுதிய பட்டியல் எந்த அமைச்சிலும் நகராது.

இனி காணி. ஒரு ஏக்கர் 160 பேர்ச்சஸ். ஏழு பேர்ச்சஸ் வீதம் வகுத்தால் 22 துண்டு என்று காகிதத்தில் வரும். பாதை, கான், சரிவில் விட வேண்டிய இடைவெளி, தண்ணீர்த் தாங்கி, பொது இடம் எல்லாம் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். நடைமுறையில் 15 துண்டு கிடைத்தால் நல்லது. 60 குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் கேட்டு வாங்கிவிட்டு, பிறகு பாதையைக் குறுக்கி, கானை இல்லாமல் ஆக்கியதால்தான் பல புதுக் குடியிருப்புகளில் அம்புலன்ஸ் ஏற முடியவில்லை.

சரிவு இதைவிட முக்கியம். 20 பாகைச் சரிவில் முன்னிருந்து பின்னாக எட்டு மீட்டர் ஆழமுள்ள மேடை வெட்டினால் மேலுக்கும் கீழுக்கும் ஏறக்குறைய மூன்று மீட்டர் உயர வித்தியாசம். வெட்டிய மண்ணை முன்பக்கம் கொட்டி நிரப்பி, வீட்டின் பாதியை அதன்மேல் வைப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. பின்பாதி வெட்டிய கெட்டி மண்ணில், முன்பாதி நிரப்பிய தளர்ந்த மண்ணில். இரண்டு மழைக்காலம் போனதும் முன்பாதி இறங்கும். நடுச்சுவரில் மேலிருந்து கீழே வெடிப்பு ஓடும். வீட்டின் நீளப்பக்கத்தைச் சரிவுக்குக் குறுக்காக, மட்டக்கோட்டோடு வைத்தால் மேடையின் ஆழம் குறையும், வெட்டும் குறையும். அத்திவாரம் முழுவதும் வெட்டிய மண்ணில் நிற்க வேண்டும். நிரப்பிய பகுதி முற்றமாகவும் மரக்கறித் தோட்டமாகவும் இருக்கட்டும். பின்னாலுள்ள வெட்டுச் சுவருக்குக் கல்லால் தாங்குசுவர் கட்டினால் நீர்வடி துவாரம் விட மறக்கக் கூடாது. அதன் அடியில் கான் வேண்டும். மேல்வரிசை வீட்டின் கூரைத் தண்ணீர் கீழ்வரிசை வீட்டின் முதுகில் விழாமல், வரிசைக்கு வரிசை கல் பதித்த கானுக்குள் சேர்ந்து ஓடைக்குப் போக வேண்டும். அந்தக் கானை வீட்டு ஒப்பந்தத்தில் எவரும் போடுவதில்லை. சபையின் பாதீட்டில் முதலில் எழுத வேண்டிய வரி அதுதான்.

இடத்தைத் தெரிவு செய்யும்போது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தை முதலில் பாருங்கள். அது ஆபத்தான இடங்களை வடிகட்ட மட்டும்தான். துண்டு போடுவதற்கு முன் அந்த நிறுவனத்தின் அலுவலர்கள் நேரில் வந்து தரும் அறிக்கை வேண்டும். துண்டு போட்டு, பெயர் எழுதி, அடிக்கல் வைத்த பிறகு அறிக்கை கேட்டால், வரக்கூடாத பதில் வரும்போது இடத்தை மாற்ற எவருக்கும் மனம் வராது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் மழைக்கு விழிப்பு, 100க்கு எச்சரிக்கை, 150க்கு வெளியேற்றம் என்பது அவர்களின் அளவுகோல். இந்த வெளியேற்றம் எந்த லயங்களுக்குப் பொருந்தும், அவர்கள் எங்கே போவார்கள் என்பது வீட்டுத் தேவைப் பட்டியலில் ஒரு தனிப் பத்தியாக இருக்க வேண்டும். பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் சொல்லப்பட்டிருந்தது. போவதற்கு ஒரு துண்டுக் காணி ஒதுக்காமல் "எழும்பிப் போங்கள்" என்று சொன்னால் மக்கள் எங்கே போவார்கள்? 2025 நவம்பரில் டிட்வா புயல் கண்டி, நுவரெலியா, பதுளை மலைகளைச் சரித்தபோதும் இதே கேள்விதான் எழுந்தது.

தண்ணீர்க் கணக்கு எளிது, ஆனாலும் தவறாகவே செய்யப்படுகிறது. மழைக்காலத்தில் பீலியைப் பார்த்துவிட்டு "இங்கே தண்ணீருக்குப் பஞ்சமில்லை" என்று எழுதிவிடுகிறார்கள். நுவரெலியாப் பக்கம் பெப்ரவரி, மார்ச்சிலும், பதுளைப் பக்கம் ஜூலை, ஓகஸ்ட்டிலும் அளக்க வேண்டும். 20 லீட்டர் வாளியை ஊற்றின் கீழே வைத்து நேரம் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் நிரம்பினால் நாளுக்கு 14,400 லீட்டர். ஆளுக்கு 100 லீட்டர் வீதம் 30 வீட்டுக்கு, வீட்டுக்கு நாலரைப் பேர் என்றால் 13,500 வேண்டும். மட்டுமட்டாகப் போதும். இரவில் வரும் தண்ணீரைச் சேமிக்கத் தாங்கி இல்லாவிட்டால் அதுவும் போதாது.

ஏழு பேர்ச்சஸ் சதுரத் துண்டின் பக்கம் ஏறக்குறைய 44 அடி. மலக்குழிக்கும் நீர்மூலத்துக்கும் குறைந்தது 50 அடி இடைவெளி வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கேட்பார். தன் துண்டுக்குள் வீட்டோடு கிணறும் குழியும் வைக்க நடைமுறையில் முடியாது. ஊற்று குடியிருப்புக்கு மேலே இருக்க வேண்டும், அதன் நீரேந்துப் பகுதியில் துண்டு போடக் கூடாது, அங்கே தேயிலை மருந்து அடிப்பதையும் நிறுத்த வேண்டும். இதைத் தோட்ட நிருவாகத்தோடு எழுத்தில் முடித்துக்கொள்ளாவிட்டால் துரை (தோட்ட முகாமையாளர்) மாறியதும் பேச்சும் மாறிவிடும்.

எழுத்து என்றதும் உறுதியைச் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான தோட்டக் காணி அரசுக்குச் சொந்தம், கம்பனிகளிடம் குத்தகையில் இருக்கிறது. காணியை விடுவிக்கும் அனுமதி, நிலஅளவைத் திணைக்கள வரைபடம், பிறகு உறுதி என்பதுதான் ஒழுங்கு. சாவியைக் கொடுத்துவிட்டு உறுதியைப் பிறகு பார்ப்போம் என்று விட்ட வீடுகளில் இருப்பவர்களால் வங்கிக் கடனும் எடுக்க முடியவில்லை, ஒரு அறை கூட்டிக் கட்ட அனுமதியும் கேட்க முடியவில்லை. பாதையையும் அப்படியே சபைக்கு எழுத்தில் கையளிக்கச் செய்ய வேண்டும். கம்பனிப் பாதையில் கொங்கிரீட் போட்டால் கணக்காய்வில் கேள்வி வரும், மறுவருடம் பழுதுபார்க்கப் பணம் ஒதுக்க முடியாது. வீடு தொடங்குவதற்கு முன்பே லொறி ஏறும் பாதை வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மணலும் சீமெந்தும் தலைச்சுமையாகப் போனால் மதிப்பீட்டில் இல்லாத கூலி சேர்ந்து, யன்னல் மட்டத்தில் வேலை நின்றுவிடும்.

பாதீடு தயாராவது ஒக்டோபர், நவம்பரில். அதற்கு முன் வீடமைப்புக் குழு மூன்று தாளைச் சபையில் வைக்க வேண்டும்: டிவிசன் வாரியான தேவைப் பட்டியல், காணி வரைபடம், சபைப் பணத்தில் செய்யும் வேலைகளின் மதிப்பீடு. தீர்மானம் நிறைவேறியதும் தவிசாளர் அதைப் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவுக்கும், பெருந்தோட்ட வீடமைப்புக்குப் பொறுப்பான அமைச்சுக்கும் அனுப்பலாம். வீட்டு நிதி வரும் நாளில் அளந்த காணியும் சரிபார்த்த பெயரும் கையில் உள்ள இடத்தைத்தான் அதிகாரிகள் முதலில் எடுப்பார்கள்.

குடும்பம் புது வீட்டுக்குப் போன பிறகு அந்தக் காம்பராவை என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே எழுதுங்கள். அபாய வலயத்தில் உள்ள லயம் என்றால் உடைத்தே ஆக வேண்டும்; இல்லாவிட்டால் அடுத்த மாதமே நெரிசலில் தவிக்கும் இன்னொரு சோடி அதில் ஏறிவிடும். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்களும் பட்டியலில் காத்திருப்பவர்கள்தான். பாதுகாப்பான இடத்தில் உள்ள லயம் என்றால் இடைச்சுவரைத் திறந்து இரண்டு காம்பராவை ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கலாம். எதைச் செய்தாலும் அந்த மாற்றத்தை ஒவ்வொரு ஜனவரியிலும் பட்டியலில் பதிந்து, ஒரு பிரதியை கிராம உத்தியோகத்தரிடமும், ஒன்றை டிவிசன் மாதர் சங்கத்திடமும் கொடுத்து வையுங்கள்.