ஸ்லிப்பர் கிளட்ச்சில் பிளேட் மட்டும் மாற்றினால் போதுமா?

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிவிட்டு நேராகப் பட்டறைக்கு வரும் பசங்க அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணா, டக்கு டக்குனு கியர் குறைச்சா கிளட்ச் லீவர் விரலை உதைக்குது, கிளட்ச் போயிருச்சா?" லேசாகத் துடித்தால் போகவில்லை, ஸ்லிப்பர் (கியரைக் குறைக்கும்போது கிளட்ச் பிடியைத் தானாகக் கொஞ்சம் தளர்த்தும் அமைப்பு) வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம்.

டோமினார் 400, ஆர்15 வி3, இன்டர்செப்டர் 650 மாதிரி ஸ்லிப்பர் கிளட்ச் உள்ள வண்டிகளில் கிளட்ச்சின் நடு ஹப்பிலும், பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டிலும் ஒன்றோடொன்று பொருந்தும் சாய்வுகள் இருக்கும். ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது அவை பிளேட்டுகளை இன்னும் இறுக்கிப் பிடிக்கின்றன, அதனால்தான் மெல்லிய ஸ்பிரிங்கே போதுமாகி லீவர் லேசாக இருக்கிறது. கியரைக் குறைத்ததும் பின்சக்கரம் இன்ஜினைச் சுற்ற ஆரம்பிக்கும். அப்போது அதே ஜோடியின் எதிர்ப்பக்கச் சாய்வு பிரஷர் பிளேட்டைக் கொஞ்சம் தள்ளி, பிடியைத் தளர்த்துகிறது.

தேய்ந்த கிளட்ச்சுக்கு அறிகுறி வேறு. காலியான ரோட்டில், மேல் கியரில், குறைந்த ஆர்பிஎம்மில் இருந்து ஆக்ஸிலேட்டரை முழுசாகத் திருகிப் பாருங்கள். ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் ஸ்லிப் ஆகிறது. ஆயிலில் கருகின வாசனை வந்தால் சந்தேகமே வேண்டாம். லீவரை முழுக்கப் பிடித்தும் முதல் கியரில் வண்டி நகர்கிறது, நியூட்ரல் விழ மறுக்கிறது என்றால் பிளேட் வளைந்திருக்கலாம், பிளேட்டுகளைச் சுற்றியிருக்கும் ஹவுசிங்கின் விரல் மாதிரி நீட்டல்களில் பள்ளம் விழுந்திருக்கலாம், கேபிள் ரொம்ப லூசாகவும் இருக்கலாம்.

அதனால் முதலில் கேபிள். பல வண்டிகளில் லீவர் நுனியில் 10 முதல் 15 மில்லிமீட்டர் ஃப்ரீ பிளே (கேபிள் இழுபடும் முன் லீவர் சும்மா அசையும் தூரம்) வேண்டும். ஃப்ரீ பிளே கொஞ்சமும் இல்லாவிட்டால் பாதி கிளட்ச் பிடித்தபடியே ஓட்டுவதற்குச் சமம், புதுப் பிளேட்டும் கருகும். அடுத்து ஆயில். கார் ஆயிலோ, ஸ்கூட்டருக்கு வரும் ஜாசோ (ஜப்பானிய ஆயில் தரம்) எம்.பி. ஆயிலோ ஊற்றியிருந்தால் நல்ல பிளேட்டே வழுக்கும், மேனுவல் சொல்லும் கிரேடில், பைக் கிளட்ச்சுக்கான ஜாசோ எம்.ஏ.2 ஊற்றுங்கள். இந்த இரண்டையும் பார்க்காமல் முழு அசெம்பிளிக்கு விலை சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

இவை சரியாக இருந்தும் ஸ்லிப் ஆனால் பிரித்துத்தான் ஆக வேண்டும். பிளேட் தடிமனை வெர்னியரில் அளக்கணும், ஸ்டீல் பிளேட் சூட்டில் நீலம் பாய்ந்திருக்கிறதா என்று பார்த்து, கண்ணாடி மேல் வைத்து ஃபீலர் கேஜ் எனும் இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை விட்டுப் பார்க்கணும் (பல மாடல்களில் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வளைவுதான் எல்லை). ஸ்பிரிங் நீளத்தையும் மேனுவலோடு ஒப்பிடணும். பெரும்பாலும் விட்டுப்போவது அந்தச் சாய்வுகள்தான். அவற்றில் குழி விழுந்தாலோ முனை மழுங்கினாலோ பிரஷர் பிளேட் வழுக்கி ஏறி இறங்காது. ஸ்பிரிங் மெல்லியது, சாய்வின் உதவியும் போச்சு என்றால் புதுப் பிளேட் என்ன செய்யும்? மறுபடி ஸ்லிப்தான். வண்டிக்காரர் பிளேட் டூப்ளிகேட் என்று நினைத்துக்கொள்கிறார்.

இதற்கு ஹார்டு ஸ்பிரிங் போட்டுச் சமாளிப்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். ஸ்லிப் நிற்கும், ஆனால் எதிர்ப்பக்கம் பிடி தளராது. இறக்கத்தில் கியரைக் குறைத்தால் பின்சக்கரம் குதிக்கும். வளைவுக்குள் அது நடந்தால் விழுவது நீங்கள்தான்.

மாட்டும்போது புதுப் பிளேட்டை இன்ஜின் ஆயிலில் ஊறவைத்துப் போடுங்கள். ஜடர் ஸ்பிரிங் (கிளட்ச் பிடிக்கும்போது வரும் அதிர்வைக் குறைக்கும் வளையம்) எந்தப் பக்கம் பார்த்திருந்தது, கடைசிப் பிளேட் எந்த வெட்டில் உட்கார்ந்திருந்தது என்று பிரிக்கும்போதே போட்டோ எடுத்துவிடுங்கள். ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக, டார்க் ரெஞ்ச்சில் முறுக்கணும்; அலுமினியத்தில் இறங்கும் சின்ன போல்ட்டுகள், கைக்கணக்கில் முறுக்கினால் மரை போய்விடும்.

அப்புறம் ஓட்டும் விதம். ஸ்லிப்பர் இருக்கிறதே என்று அஞ்சில் இருந்து இரண்டுக்குப் போட்டு ஒரேயடியாக விடாதீர்கள். அது இன்ஜின் பின்சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும் பின்னிழுப்பைக் குறைக்கும், முழுசாக அறுத்துவிடாது. ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் ஹாஃப் கிளட்ச்சிலேயே வண்டியை நிறுத்தி வைப்பதையும் விட்டுவிடுங்கள். வேலை கொடுத்த இடத்தில் பழைய பிளேட்டுகளைக் கேட்டு வாங்குங்கள், மூடுவதற்கு முன் ஹப்பின் சாய்வையும் ஹவுசிங் விரல்களையும் கண்ணால் பாருங்கள்.