மனித உரிமை: சொல்லும் பொருளும்

‘உரி’ என்னும் அடியிலிருந்து பிறந்த ‘உரிமை’, ஒன்று ஒருவருக்குத் தக்கதாகவும் அவரைச் சார்ந்ததாகவும் இருக்கும் நிலையைக் குறிக்கும். ‘வினைக்குரிமை நாடிய பின்றை’ என்னும் குறளில் (518) அது ஒரு செயலுக்கு ஏற்ற தகுதி. வாரிசுரிமை, குடியுரிமை போன்ற தொடர்களில் அது பிறப்போ நாடோ தரும் பாத்தியதை. இவற்றில் எல்லாம் உரிமை ஒருவரை வந்தடைய ஏதேனும் ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. ‘மனித உரிமை’ என்னும் தொடரோ, மனிதராக இருப்பதே போதும் என்கிறது. சொல்லின் பழைய பொருளை இவ்வளவு விரித்த தொடர் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

1789-இல் பிரெஞ்சுப் புரட்சியாளர்கள் வெளியிட்ட பிரகடனத்தின் தலைப்பிலேயே ‘மனிதன்’, ‘குடிமகன்’ என்று இரு சொற்கள் அருகருகே நின்றன. நடைமுறையில் குடிமகனுக்குக் கிடைத்த காப்பு மனிதனுக்குக் கிடைக்கவில்லை. ஓர் அரசு தன் மக்களை எப்படி நடத்துகிறது என்பது அதன் உள்விவகாரம் என்றே நாடுகள் நெடுங்காலம் கருதின. 1945-ஆம் ஆண்டின் ஐ.நா. சாசனம் மனித உரிமைகளுக்கு மதிப்பளிப்பதைத் தன் நோக்கங்களுள் ஒன்றாக அறிவித்தது. அதே சாசனத்தின் 2(7)-ஆம் பிரிவு, நாடுகளின் உள்விவகாரங்களில் ஐ.நா. தலையிடுவதைத் தடுத்தது. இந்த முரண் வெளிப்பட ஓராண்டே போதுமாயிருந்தது. தென்னாப்பிரிக்காவில் இந்திய வம்சாவளியினர் பாகுபாட்டுக்கு உள்ளாவதை 1946-இல் இந்தியா பொதுச்சபையில் எழுப்பியபோது, தென்னாப்பிரிக்கா அதைத் தன் உள்விவகாரம் என்றே வாதாடியது. அவ்வாதத்தை மீறிப் பொதுச்சபை தீர்மானம் நிறைவேற்றியது. ஒரு சொல் நாடுகளின் எல்லையைக் கடக்கத் தொடங்கிய தருணங்களுள் இதை முதன்மையானதாக நான் மதிக்கிறேன்.

1948 டிசம்பர் 10 அன்று பாரிசில் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனம் 48 வாக்குகளுடன், எதிர்வாக்கு ஏதுமின்றி ஏற்கப்பட்டது; எட்டு நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. அதன் முதல் பிரிவின் ஆங்கில வரைவில் ஆண்களை மட்டும் குறிப்பதாகக் கொள்ளத்தக்க சொல் இருந்ததை எதிர்த்து, இருபாலரையும் குறிக்கும் சொல்லை இடம்பெறச் செய்தவர் இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தா. தமிழில் ‘மனிதன்’ ஆண்பாலாயினும், ‘மனிதர்’ இருபாலரையும் தழுவும்.

ஆங்கிலத்தின் ‘human rights’ என்பதற்கு நிகரான தமிழ்ச்சொல் எது? ‘மனித’ என்பதை வடமொழிவழி வந்ததாகக் கொள்வோர் ‘மாந்த உரிமை’ என்று எழுதுகின்றனர். அது பொருளுக்கு முற்றிலும் பொருந்தும். ‘மக்கள் உரிமை’ பொருந்தாது. அது ஒரு நாட்டு மக்களின் கூட்டுரிமையாகப் புரிந்துகொள்ளப்பட இடமுண்டு, நாடற்ற அகதியோ அதற்கு வெளியே நின்றுவிடுவார்.