நரம்பியல் ஆய்வுக்குச் சிறு மானியம்: எதற்குக் கேட்கலாம், எப்படிக் கேட்கலாம்

சிறு மானியத்தில் தொகையும் குறைவு, காலமும் குறைவு. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆர்03 மானியத்தையே எடுத்துக்கொள்வோம். நேரடிச் செலவுக்கு, அதாவது ஆய்வுக்கென்றே ஆகும் செலவுக்கு, ஆண்டுக்கு அதிகபட்சம் 50,000 டாலர் கிடைக்கும். 2 ஆண்டுகள் வரை தருவார்கள், புதுப்பிக்க மாட்டார்கள். ஆய்வுத் திட்டத்தை 6 பக்கங்களுக்குள் எழுத வேண்டும். முன்பே திரட்டிய முதற்கட்டத் தரவை விண்ணப்பத்தில் காட்டுவது கட்டாயமில்லை என்பது புதியவர்களுக்குப் பெரிய சலுகை. ஆனால் அந்நிறுவனங்களின் எல்லாப் பிரிவுகளும் இந்த மானியத்தைத் தருவதில்லை. எனவே எழுதத் தொடங்கும் முன்பே உரிய பிரிவின் திட்ட அலுவலரிடம் கேட்டுவிடுங்கள்.

முன்னோட்ட ஆய்வு, புதிய ஆய்வு முறையை உருவாக்குதல், ஏற்கெனவே உள்ள தரவை மீண்டும் அலசுதல் ஆகியவற்றுக்கு இது பொருந்தும். கடைசி வழியை நான் அழுத்திச் சொல்வேன். புதிதாக மூளையைப் படம் எடுத்தால், எம்.ஆர்.ஐ. கட்டணமே சிறு தொகையை விரைவில் விழுங்கிவிடும். 2004-ல் தொடங்கிய ஏ.டி.என்.ஐ. திட்டத்தின் அல்சைமர் தரவையும், 2010-ல் தொடங்கிய பி.பி.எம்.ஐ. திட்டத்தின் பார்க்கின்சன் தரவையும் ஆய்வாளர்கள் விண்ணப்பித்துப் பெறலாம்.

நோயாளிகளைச் சேர்த்து ஆய்வு செய்வதானால், கேள்வியைச் சிறிதாக்குங்கள். 'இந்த மருந்து வலிப்பைக் குறைக்கிறதா?' என்பதற்கு 24 பேரை வைத்து உறுதியான விடை காண்பது கடினம். மதிப்பீட்டாளர்கள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ஓராண்டில் எத்தனை பேர் சேர்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் வலிப்புக் குறிப்பேட்டைக் கடைசிவரை நிரப்புகிறார்கள் என்று கேட்டால் விடை கிடைக்கும். எத்தனை விழுக்காட்டினர் நிரப்பினால் பெரிய ஆய்வுக்குச் செல்வீர்கள் என்பதையும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

நரம்பியலில் ஒப்புதல் பெறுவது தனிக் கவனம் கேட்கும் வேலை. மறதி நோயாளியோ பேச்சிழந்த பக்கவாத நோயாளியோ தாமே முடிவெடுக்க இயலாத நிலையில் இருந்தால், சட்டப்படியான பிரதிநிதி ஒப்புதல் தர வேண்டும். அப்போதும் நோயாளி மறுப்பைக் காட்டினால் அதை மதிக்க வேண்டும் என்கிறது மருத்துவ ஆய்வுக்கான நெறிமுறைகளைச் சொல்லும் ஹெல்சிங்கி பிரகடனம். நெறிமுறைக் குழுவுக்காக மட்டும் இதை எழுதாதீர்கள். உங்களை நம்பி வருகிறவர்களுக்காக எழுதுங்கள்.

செலவுப் பட்டியலில் உதவியாளர் ஊதியம், நோயாளிகளின் பயணச் செலவு ஆகியவற்றோடு சோதனைத் தாள்களின் உரிமக் கட்டணத்தையும் சேருங்கள். நினைவாற்றலைச் சோதிக்கும் எம்.எம்.எஸ்.இ.-க்குக்கூடக் கட்டணம் உண்டு.

ஆர்03 விண்ணப்பத்தை அனுப்புவது உங்கள் நிறுவனம்தான். அங்கே கையொப்பங்கள் பெற நாளாகும் என்பதால், கெடுவுக்கு வெகு முன்பே வரைவை முடித்துவிடுங்கள். மானியம் கிடைக்காவிட்டால், மதிப்பீட்டாளர்களின் குறிப்புகளைப் பார்த்துத் திருத்தி, 37 மாதங்களுக்குள் ஒருமுறை மீண்டும் அனுப்பலாம்.