'மாமாவுக்குக் கூட்டம் ஆகாது' என்று முடிவு கட்டும் முன்

பெங்களூரில் வீடு வீடாகப் போய் முதியவர்களுக்கு ஃபிசியோதெரபி கொடுப்பது என் வேலை. பெரும்பாலும் முழங்கால் வலிக்குத்தான் கூப்பிடுவார்கள். மாரத்தஹள்ளி, வைட்ஃபீல்ட் பக்கத்து அடுக்குமாடிகளில் தமிழ்க் குடும்பம் என்றால் இரண்டாம் நாளே காபி வந்துவிடும். மூன்றாம் நாள் மருமகள் வாசல் வரை வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வார்: "மேடம், மாமாவுக்குக் கூட்டமே ஆகாது. கீழே பெரியவங்க எல்லாம் உட்கார்ந்து பேசறாங்க, போங்கன்னா போகவே மாட்டேங்கிறார்."

கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்த 78 வயதுக்காரர் ஒருவரைப் பற்றியும் இதையேதான் சொன்னார்கள். ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவர். தெருவில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் பந்தி விசாரிப்பது அவர்தானாம். அவருக்கா கூட்டம் ஆகாது?

நடைப்பயிற்சிக்காக லிஃப்ட் வரை அழைத்துப் போனேன். பேசாமல் வந்தார். கீழே இறங்கலாமா என்றதும் நின்றுவிட்டார். மகன் உள்ளே போகும்வரை பொறுத்திருந்து, "அங்க பாத்ரூம் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார்.

விஷயம் அதுதான். சிறுநீர் முட்டினால் இரண்டு நிமிடம்கூடத் தாங்காது. வீடோ 11-வது மாடி. லிஃப்ட் வர எந்த வேளையில் எவ்வளவு நேரமாகும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தார். ஒருமுறை லிஃப்டுக்குள்ளேயே வேட்டி நனைந்துவிட்டிருக்கிறது. யாருக்கும் தெரியாமல் தானே அலசிக் காயப்போட்டிருக்கிறார். அன்றோடு கீழே இறங்குவதை நிறுத்திவிட்டார். தண்ணீர் குடிப்பதையும் பாதியாகக் குறைத்துவிட்டார்.

தண்ணீரைக் குறைத்தால் தொல்லை கூடத்தான் செய்யும். சிறுநீர் அடர்த்தியாகிப் பையை உறுத்தும். மலச்சிக்கல் வரும், அதுவும் பையை அழுத்தும். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அடுத்த சில மணி நேரம் அவசரம் அதிகமாக இருக்கும். ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம் வேறு. இவருடைய டாக்டரிடம் பேசி மாத்திரை நேரத்தை மாற்றினோம் (நாமாக மாற்றக் கூடாது). சிறுநீரை அடக்க உதவும் இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி கொடுத்தேன். முக்கியமாக, பூங்காவுக்குப் பக்கத்தில் இருந்த கழிவறைக்கு ஒருநாள் நடத்திக் கூட்டிப்போய்க் காட்டினேன். காவலாளிகள் பயன்படுத்துவது, சுத்தமாகவே இருந்தது. மறுநாள் தானாகச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

இதை அவர் மகனிடம் சொல்லவில்லை. எந்த அப்பாதான் சொல்வார்? ஆகவே நாம்தான் கேட்க வேண்டும். எல்லோரும் இருக்கும்போது கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பார்கள்.

அடுத்தது காது. வயதாகும்போது முதலில் குறைவது கூர்மையான ஒலிகள். ச, ஸ, ஃப போன்றவை நழுவிவிடும். அதனால்தான் "சத்தம் கேக்குது, என்ன சொல்றேன்னு புரியல" என்கிறார்கள். குக்கரும் டிவியும் சேர்ந்து ஓடும் கூடத்தில் பேச்சின் பாதி அவர்களுக்குப் போய்ச் சேராது. இரண்டு தடவை "என்ன?" என்று கேட்பார்கள். மூன்றாவது தடவை பேரன் "ஒண்ணுமில்ல தாத்தா" என்றுவிடுவான். இந்த 'ஒண்ணுமில்ல'தான் என்னைப் பொறுத்தவரை ஆளை அறைக்குள் தள்ளுகிறது. கத்த வேண்டாம், கத்தினால் ஒலி இன்னும் சிதையும். டிவியை அணைத்துவிட்டு, எதிரே வந்து, முகம் தெரியப் பேசினால் பாதி சரியாகிவிடும். மீதிக்குப் பரிசோதனை செய்து கருவி வாங்க வேண்டும். வாங்கிய முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். மூளை பழக சில வாரங்கள் ஆகும், அதற்குள் அலமாரியில் போட்டுவிடாதீர்கள். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையத்தின் 2024 அறிக்கை, டிமென்ஷியாவுக்கான (மறதி நோய்), மாற்றக்கூடிய 14 காரணிகளில் கேட்கும் திறன் குறைவையும் பிறரோடு பழகாமல் ஒதுங்கியிருப்பதையும் சேர்த்திருக்கிறது. ஒன்று மற்றதைக் கூட்டிக்கொண்டு வருவதை நான் வாரந்தோறும் பார்க்கிறேன்.

விழுந்துவிடுவோம் என்ற பயத்தாலும் சிலர் கீழே இறங்க மாட்டார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டு என்று அர்த்தம், ஃபிசியோவைக் கூப்பிடுங்கள்.

சரி, உடம்பைச் சரிசெய்துவிட்டால் தனிமை போய்விடுமா? முழுக்கப் போகாது. இந்த ஊருக்கு வந்தவர்களுக்குப் பாஷை ஒரு சுவர். கீழே பெஞ்சில் கன்னடமும் இந்தியும் ஓடும்போது எவ்வளவு நேரம்தான் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது? அல்சூர் ஏரிப் பக்கம் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, நூலகமும் இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு கூட்டிப்போங்கள். 18 வருடம் மூடிக் கிடந்து 2009-ல் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலையையும் அப்படியே பார்த்துவிட்டு வரலாம். வைட்ஃபீல்டிலிருந்து போக்குவரத்தைத் தாண்டி அங்கே போய்ச் சேருவது தனிப் பயிற்சி, ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. பசியும் தூக்கமும் போய், "இருந்து என்ன பிரயோஜனம்" என்ற பேச்சு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதை வயசுக் கோளாறு என்று தள்ளாதீர்கள். அது மனச்சோர்வாக இருக்கலாம். சிகிச்சை இருக்கிறது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இரவும் பகலும் பேசலாம். சாகிற பேச்சு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் போங்கள். முதியோருக்கான உதவி எண் 14567.

கும்பகோணத்துக்காரருக்கு இப்போதும் கன்னடம் நாலு வார்த்தைதான். ஆனால் எண்களுக்குப் பாஷை வேண்டியதில்லையே. குடியிருப்பின் பிள்ளையார் சதுர்த்தி வசூலில் 340 ரூபாய் இடிக்கிறது என்று யாரோ புலம்ப, ரசீதுகளை வாங்கிப் பார்த்து, ஒரே ரசீது இரண்டு முறை ஏறியிருப்பதைக் கண்டுபிடித்தாராம். போன வாரம் போன் செய்தார்: "அஞ்சு மணிக்கு வேண்டாம்மா, நாலுக்கே வந்துடு. அஞ்சு மணிக்கு எனக்குக் கீழே வேலை இருக்கு."