இன்னொரு பேட்டரி சேர்த்தால் ட்ரக் வேகமாக ஓடாது

மறுபடியும் ஒரு ஆர்சி (ரிமோட் கன்ட்ரோல்) ட்ரக் என் பெஞ்சுக்கு வந்திருக்கிறது. 1:10 அளவு, 540 பிரஷ்டு மோட்டார், நல்ல வண்டி. மேல்மூடியைத் திறந்தால் உள்ளே இரண்டு லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி பேக். ஒன்று 1500 எம்ஏஹெச், இன்னொன்று 3000. இரண்டையும் பாரலலில் (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) ஸ்பீக்கர் வயரால் முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி, அதன் முனையில் மூன்று அடாப்டரை ஒன்றன்பின் ஒன்றாகச் சொருகி, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி. போர்டு வரை இழுத்திருக்கிறார்கள். வேகம் கூடவில்லை. உடனே யாரோ ஒரு நண்பர், "சீரிஸ்ல போடு ப்ரோ" என்று யோசனை சொல்லியிருக்கிறார். ஒன்றின் பிளஸ்ஸை இன்னொன்றின் மைனஸில் கோத்து வோல்டேஜைக் கூட்டுவது அது. போட்டார்கள். டப்.

இ.எஸ்.சி.யில் வெடித்த கப்பாசிட்டர் மேலேயே 16 வோல்ட் என்று அச்சடித்திருக்கிறது. முழு சார்ஜில் உள்ள இரண்டு 2எஸ் பேக்கை (உள்ளே இரண்டு செல், செல்லுக்கு 4.2 வோல்ட்) சீரிஸில் போட்டால் 16.8 வோல்ட். அந்த இ.எஸ்.சி. 2எஸ்ஸுக்கு மட்டும்தான் என்று அதன் லேபிளும் சொல்கிறது. லேபிளைப் படிக்க ஒரு நிமிடம் செலவழித்திருந்தால் புது இ.எஸ்.சி. வாங்கும் பணம் மிச்சம்.

ஆர்சி வண்டி சர்வீஸ் செய்து பிழைக்கிறவன் நான். இப்படி வண்டி வந்தால் எனக்கு வருமானம்தான். ஆனாலும் சலித்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் இந்த எம்ஏஹெச் விஷயம். கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்பது, "சார், 1500க்கு பதிலா 5000 போட்டா எவ்வளவு ஸ்பீடு வரும்?" வராது. எம்ஏஹெச் என்பது எவ்வளவு நேரம் ஓடும் என்பதற்கான எண். பைக்கில் பெரிய பெட்ரோல் டேங்க் மாட்டினால் பைக் வேகமாகவா போகும்? வேகத்தைத் தீர்மானிப்பது மோட்டார் முனையில் நிற்கும் வோல்டேஜ், மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்று, கியர், டயரின் விட்டம். இந்தப் பட்டியலில் எம்ஏஹெச் எங்கேயும் கிடையாது.

இதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்கள். "இல்ல சார், 5000 போட்டதும் நிஜமாவே வேகமா போச்சு." போயிருக்கும். பழைய பேக் தேய்ந்துபோயிருந்தது, ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் அதன் வோல்டேஜ் சரிந்தது; புது பேக்கில் அவ்வளவு சரியவில்லை. புதிதாக ஒரு 2200 வாங்கியிருந்தாலும் கிட்டத்தட்ட அதே வேகம் கிடைத்திருக்கும், வண்டியின் எடையும் கூடியிருக்காது. இதைச் சொன்னால் நம்புவதில்லை. மல்டிமீட்டரை வைத்துக் காட்டினால்தான் நம்புகிறார்கள்.

இன்னொரு கூட்டம் 9 வோல்ட் பேட்டரிக் கூட்டம். நான்கு பென்சில் செல் போடும் பொம்மை ட்ரக், அதாவது 6 வோல்ட். 9 பெரிது, 6 சிறிது, ஆகவே சதுர பேட்டரியை மாட்டிவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். மாட்டினால் வண்டி நகரவே யோசிக்கும். அந்த பேட்டரியின் உள் எதிர்ப்பு அதிகம், மோட்டார் கேட்கும் கரன்டை அதனால் தர முடியாது. ஸ்மோக் அலாரத்துக்கும் மல்டிமீட்டருக்கும் செய்த பேட்டரி அது. 18650 என்கிற உருளை வடிவ லித்தியம் செல்லில் 9900 எம்ஏஹெச் என்று போட்டிருந்தால் வாங்காமல் திரும்பி வந்துவிடுங்கள்; அந்த அளவு செல்லில் நல்ல கம்பெனிகளே பெரும்பாலும் 3600ஐ ஒட்டித்தான் நிற்கின்றன. பழைய லேப்டாப்பிலிருந்து உருவிய செல் டார்ச்சுக்குச் சரி, ட்ரக்குக்கு ஆகாது.

சரி, இரண்டு பேக்கை பாரலலில் போட்டால் நேரமாவது கூடுமே என்றால், கூடும். ஆனால் ஒரே மாதிரி, ஒரே வயதுள்ள, ஒரே வோல்டேஜில் நிற்கும் பேக்குகளாக இருக்க வேண்டும். இந்த வண்டியில் இருந்தது போல ஒன்று முழு சார்ஜில் 8.4 வோல்ட், இன்னொன்று நன்றாக ஓடி இறங்கி 7.4 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 1 வோல்ட். இரண்டு பேக்கும் வயரும் சேர்ந்து எதிர்ப்பு 50 மில்லி ஓம் இருந்தால், இணைத்த நொடியில் 20 ஆம்ப் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பாயும். 1500 பேக்கை 1.5 ஆம்ப்பில் சார்ஜ் செய்ய வேண்டும் என்று நாம் தலையில் அடித்துக்கொள்கிறோம். இங்கே பதிமூன்று மடங்கு, எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல். அந்தச் சின்ன பேக் தலையணை மாதிரி உப்பியிருந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

இப்போது வயரிங். எளிமையாக்குங்கள் என்று நான் சொல்வது அழகுக்காக இல்லை. ஒவ்வொரு இணைப்பும் வோல்டேஜைத் தின்கிறது. இ.எஸ்.சி. மாற்றிய பிறகு, அவர்களுடைய அதே வயரிங்கில், 3000 பேக்கை மட்டும் வைத்து ஓட்டிப் பார்த்தேன். மீட்டரின் வயரை பாடியில் ஒட்டி, மினிமம் பட்டனை அழுத்திவிட்டு, தரையில் முழு ஆக்ஸிலரேட்டர். பேக் முனையில் 7.3 வோல்ட், இ.எஸ்.சி. வாயிலில் 6.2. ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே சூடாகப் போய்விட்டது. சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து அளந்தால் இது தெரியாது, லோடு வேண்டும். மீட்டர் இல்லாதவர்கள் இரண்டு நிமிடம் ஓட்டிவிட்டு, பேட்டரியைக் கழற்றி, ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். எது சூடாக இருக்கிறதோ அதுதான் திருடன்.

வயரின் தடிமனையும் கவனியுங்கள். போகவர 40 சென்டிமீட்டர் வயர், 30 ஆம்ப் கரன்ட் என்று எடுத்துக்கொண்டால் 22 கேஜில் (கேஜ் எண் கூடினால் வயர் மெலியும்) 0.6 வோல்ட்டுக்கு மேல் விழும், 14 கேஜில் 0.1 வோல்ட்தான் விழும். இந்த அளவு வண்டிக்கு 14 கேஜ் சிலிக்கோன் வயர் போதும். மலிவான ஸ்பீக்கர் வயர் பலவும் செம்பு பூசிய அலுமினியம்தான். சால்டரும் சரியாகப் பிடிக்காது, மடிந்த இடத்தில் உடையும்.

நான் இந்த வண்டிக்குச் செய்தது இவ்வளவுதான். ஒரே ஒரு 2எஸ் பேக். பேக்கிலும் இ.எஸ்.சி.யிலும் எக்ஸ்டி60 கனெக்டர், நேரடி சால்டர், மேலே சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் உறை. அடாப்டர் ஒன்றுகூட இல்லை. நிக்கல் (லித்தியத்துக்கு முந்தைய வகை) பேக்குடன் வரும் அந்த வெள்ளை பிளாஸ்டிக் கனெக்டரின் பின் நாளாக ஆகத் தளரும், பழுப்பு நிறமாகியிருந்தால் வெட்டி எறியுங்கள். மறைந்த முனையுள்ள பெண் கனெக்டர் எப்போதும் பேட்டரி பக்கம் இருக்கட்டும். கரன்ட் உயிரோடு இருப்பது அந்தப் பக்கம்தான். பேட்டரியின் இரண்டு வயரையும் ஒரே வெட்டில் வெட்டாதீர்கள், கட்டரின் வாயே ஷார்ட் ஆகிவிடும். ஒன்றை வெட்டி, சால்டர் வைத்து, மூடிய பிறகு அடுத்தது. 25 வாட் அயர்ன் தடித்த வயருக்குப் பத்தாது, 60 வாட் எடுங்கள். சிவப்பும் கறுப்பும் மாறினால் இ.எஸ்.சி. அந்த நொடியே காலி. சொருகுவதற்கு முன் மீட்டரில் ஒருமுறை பாருங்கள்.

பொம்மை வகை ட்ரக்குகளில் ரிசீவரும் இ.எஸ்.சி.யும் ஒரே போர்டு, ஸ்டீயரிங் சர்வோவுக்கு ஐந்து வயர். அதில் இ.எஸ்.சி.யை மட்டும் தனியாக மாற்ற முடியாது. மாற்றினால் சர்வோ, ரிசீவர், ரிமோட் எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும். அந்தச் செலவுக்கு வேறு வண்டியே வாங்கலாம். மோட்டார் கரன்ட் முழுவதும் குட்டி ஸ்லைடு சுவிட்ச் வழியாகப் போகும் வண்டிகளும் உண்டு, பல நேரம் அடைப்பு அங்கேதான்.

இவ்வளவும் செய்த பிறகும் வேகம் போதவில்லையா? வயரைத் தொடுவதை நிறுத்திவிட்டு சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். அச்சில் தலைமுடி சுற்றியிருக்கும். அம்மா, அக்கா இருக்கும் எல்லா வீட்டு வண்டியிலும் இருக்கும். பிளாஸ்டிக் புஷ் இருந்தால் பால் பேரிங் போடுங்கள். அப்புறம் மோட்டார் அச்சில் இருக்கும் சின்ன கியரான பினியனில் ஒன்றிரண்டு பல் கூட்டலாம். 15க்குப் பதில் 17 பல் என்றால் கணக்குப்படி 13 சதவீதம் வேகம், கூடவே மோட்டாரில் சூடும். மோட்டார் 80 டிகிரியைத் தாண்டினால் பழைய பினியனுக்குத் திரும்புங்கள். கொரோனா காலத்து நெற்றி தெர்மாமீட்டரை இதற்கு எடுத்துக்கொண்டு வராதீர்கள், அது 42, 43 டிகிரியோடு நின்றுவிடும்.

3எஸ் போடலாமா என்றால், இ.எஸ்.சி. லேபிளில் 3எஸ் என்று எழுதியிருந்தால் போடலாம், அதற்குப் பொருத்தமான மோட்டாருடன். எழுதாவிட்டால் வேண்டாம். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நிக்கல் பேக்கிலிருந்து லிப்போவுக்கு மாறுகிறவர்கள் பழைய சார்ஜரைத் தூரப் போட்டுவிடுங்கள். செல்லுக்கு 4.2 வோல்ட்டில் நிறுத்த வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. தீ இங்கேதான் பிடிக்கிறது. ஒவ்வொரு செல்லையும் சமமாக நிரப்பும் பேலன்ஸ் சார்ஜர் ஒன்று வாங்குங்கள். பழைய இ.எஸ்.சி.யில் வோல்டேஜ் இறங்கியதும் மோட்டாரை நிறுத்தும் லோ வோல்டேஜ் கட்-ஆஃப் இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் பேக்கின் மெல்லிய பேலன்ஸ் வயரில் சொருகும் பஸ்ஸர் கிடைக்கிறது, செல்லுக்கு 3.4 வோல்ட்டில் செட் செய்யுங்கள். 3 வோல்ட்டுக்குக் கீழே போன செல்லை மறுபடி சார்ஜ் போட வேண்டாம். மெத்தை மேல், சோபா மேல், தூங்கப் போகும்போது சார்ஜ் கூடாது. ஓட்டி முடித்ததும் சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், பேட்டரியைக் கழற்றுங்கள். சுவிட்ச் அணைந்திருந்தாலும் பல இ.எஸ்.சி. கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

ரிப்பேருக்கு அனுப்புகிறவர்களுக்கு: உப்பிய பேட்டரியை பார்சலில் வைத்து கூரியரில் போடாதீர்கள். நிஜமாகவே போடுகிறார்கள். வண்டியை மட்டும் அனுப்புங்கள், என்னிடம் பேட்டரி இருக்கிறது. ரிமோட்டை மறக்காமல் சேர்த்து வையுங்கள், அது இல்லாமல் நான் எதை ஓட்டிப் பார்ப்பது?