ட்ரையல் ரூமில் ஒரு நாற்காலி

என் தையலகத்து ட்ரையல் ரூமில் கண்ணாடிக்கு எதிரே ஒரு மர நாற்காலி கிடக்கும். புதிதாக வருகிறவர்கள் அதில் கைப்பையை வைப்பார்கள். "பையை என்கிட்ட கொடுங்க, நீங்க அதுல உட்காருங்க" என்பேன். எதற்கென்று புரியாமல் சிரிப்பார்கள்.

அந்த நாற்காலி வந்த கதையில் எனக்குப் பெருமை ஒன்றுமில்லை. தொழில் தொடங்கிய மூன்றாவது வருடம், புதிதாக வேலையில் சேரவிருந்த ஒரு பெண்ணுக்கு முட்டிக்குக் கீழே இறங்கும் நேர்ஸ்கர்ட் ஒன்று தைத்தேன். கண்ணாடி முன் அவள் நின்றபோது துணியில் ஒரு சுருக்கம் கிடையாது. நானே மயங்கிப்போய் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். பத்து நாள் கழித்து வந்தாள். "அக்கா, நின்னா நல்லாத்தான் இருக்கு. உட்கார்ந்தா மூச்சு முட்டுது. ஊக்கைக் கழட்டி விட்டுட்டு, மேல துப்பட்டாவைப் போட்டு மூடிக்கிட்டுத்தான் நாள் பூரா உட்கார்ந்திருக்கேன்."

இஞ்ச் டேப்பை எடுத்தேன். நின்றபோது அவள் இடுப்புக்குக் கீழ்ச் சுற்றளவு 39 அங்குலம். உட்காரவைத்து அளந்தால் 41. நான் விட்டிருந்த தளர்வு ஒரே அங்குலம். அதுவரை எத்தனை பேரை நிற்கவைத்து மட்டும் அளந்திருப்பேன் என்று யோசித்ததில் அன்றைக்கு வேலையே ஓடவில்லை.

ஆபீஸ் உடை என்பது பெரும்பாலும் உட்காருகிற உடை. ஆனால் கடைக் கண்ணாடி நம்மை நிற்கவைத்துத்தான் காட்டுகிறது. விளம்பரப் பெண்ணும் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டேதான் இருக்கிறாள். அவளை யாரும் மேஜைக்கடியில் குனிந்து சார்ஜர் சொருகச் சொல்வதில்லை.

அதனால் எது வாங்கினாலும், தைத்தாலும், காசு கொடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் இப்படிச் செய்து பாருங்கள். உட்காருங்கள். கால் மேல் கால் போடுங்கள். கீபோர்டில் தட்டுவதுபோல இரண்டு கையையும் முன்னால் நீட்டுங்கள். அலமாரியின் மேல் தட்டிலிருந்து ஃபைல் எடுப்பதுபோல ஒரு கையைத் தூக்குங்கள். கடைசியாக, விழுந்த பேனாவை எடுக்கக் குனியுங்கள். முதுகில் இழுக்கிறதா, மார்புக்கு நேரே பட்டன்களுக்கு இடையில் கண் திறக்கிறதா, பேன்ட்டின் பின்பக்கம் இடைவெளி விழுகிறதா, குர்தியின் ஸ்லிட் இடுப்பு வரை விலகுகிறதா என்று எல்லாமே அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இதில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது கைக்குழி, அதாவது சட்டையில் கைத்துணி வந்து சேரும் வளைவு. கையைத் தூக்கினால் சட்டை மொத்தமும் கூடவே மேலேறுகிறது, அக்குளில் பிடிக்கிறது என்று வருவார்கள். உடனே கேட்பது, "கைக்குழியை இன்னும் கொஞ்சம் இறக்கிடுங்க." இறக்கினால் நிலைமை மோசமாகும். கைக்குழி எவ்வளவு கீழே இருக்கிறதோ, கையைத் தூக்கும்போது பக்கத் தையலை அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும். கைக்குழி அக்குளுக்குச் சற்றுக் கீழே நெருங்கி நின்று, கைத்துணியில் மட்டும் அகலம் இருந்தால் கை தனியாக ஏறும், சட்டை இருந்த இடத்தில் இருக்கும். ரெடிமேடில் ஒரே அளவு பலருக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காகக் கைக்குழியைத் தாராளமாக இறக்கியே வெட்டுகிறார்கள். தைக்கக் கொடுக்கும்போது, "கைக்குழியை ஏத்தி வெட்டுங்க, கையில அகலம் விடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். தொழில் தெரிந்த டெய்லர் உங்களை ஒரு முறை நிமிர்ந்து பார்ப்பார்.

ரெடிமேட் வாங்குகிறவர்களுக்கு இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. நீளத்தைக் குறைக்கலாம், பக்கத்தைப் பிடிக்கலாம், கை நீளத்தை வெட்டலாம், டார்ட் போட்டு, அதாவது துணியை உள்பக்கம் மடித்துத் தைத்து, இடுப்பை ஒடுக்கலாம். தோள்பட்டையும் கைக்குழியும் தப்பாக இருந்தால் திருத்துவது பெரிய வேலை; பல நேரம் புதிதாகத் தைப்பதே மேல். இறங்கிப்போன கைக்குழியை ஏற்ற அங்கே துணி எங்கே இருக்கிறது? எனவே தோளில் சரியாக உட்காருகிற அளவை எடுத்துவிட்டு, மற்றதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பட்டன் இடைவெளிக்கு ஊக்கு குத்தி வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை துறுதுறுக்கும். அது ஐந்து நிமிட வேலை. மார்பின் மிக அகலமான இடத்துக்கு நேராக ஒரு பட்டன் வர வேண்டும். வரவில்லையென்றால் அந்த இடத்தில் உள்பக்கமாக ஒரு சின்ன பிரஸ் பட்டன் தைத்தால் போதும். வெளியே தெரியாது, துணியும் கிழியாது. சட்டையே இறுக்கம் என்றால் பிரஸ் பட்டனாலும் பயன் இல்லை. பெரிய அளவு எடுத்து இடுப்பில் பிடியுங்கள்.

இறுக்கத்தைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போகிறது, எறும்பு ஊர்வதுபோல, எரிவதுபோல இருக்கிறது என்று டாக்டரிடம் போன ஒரு வாடிக்கையாளரிடம், அவர் முதலில் பேன்ட்டின் இடுப்புப் பட்டையைத் தளர்த்தச் சொன்னாராம். இறுக்கமான பெல்ட்டும் இடுப்புப் பட்டையும் தொடைக்குப் போகிற ஒரு நரம்பை அழுத்துவதால் வருகிற தொல்லை இது. மருத்துவத்தில் மெரால்ஜியா பாரஸ்தெடிக்கா என்பார்கள். மரத்துப்போவதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம், அதை டாக்டர்தான் பார்க்க வேண்டும். ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் இடுப்பில் சிவப்புக் கோடு பதிந்திருந்தால், அது உடம்பு எழுதிக் கொடுக்கிற ஆல்டரேஷன் சீட்டு. மாதவிலக்கு நாட்களில் வயிறு உப்பும், பிரசவத்துக்குப் பின் அளவு மாறும், நாற்பதைத் தாண்டினால் இன்னொரு மாதிரி மாறும். நான் இப்போது பேன்ட்டுகளுக்கு முன்பக்கம் தட்டையாகப் பட்டை வைத்து, பின்பக்கம் மட்டும் எலாஸ்டிக் போடுகிறேன். முன்னால் பார்த்தால் முழு ஃபார்மல். பக்கத் தையலுக்குள் ஒரு அங்குலம் துணியும் விடுவேன், நாளைக்குப் பிரித்து விட.

பாக்கெட் விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. 2018-ல் 'தி புட்டிங்' என்ற இணைய இதழ் 20 பிராண்டுகளின் 80 ஜீன்ஸ்களை அளந்து பார்த்தது. பெண்களுடைய ஜீன்ஸின் முன் பாக்கெட் ஆண்களுடையதைவிடச் சராசரியாக 48 விழுக்காடு ஆழம் குறைவு. போன் பாதி வெளியே தொங்கும். ஃபார்மல் பேன்ட்டுகளில் இன்னும் கேவலம். பாக்கெட் போலத் தைத்து வாயை மூடிவிடுகிறார்கள். குர்தியோ பேன்ட்டோ, பக்கத் தையலில் பாக்கெட் வைப்பது கடினமான காரியமல்ல. கை மணிக்கட்டு வரை உள்ளே போக வேண்டும். பேன்ட்டில் பாக்கெட் பையின் மேல் ஓரத்தை இடுப்புப் பட்டையோடு சேர்த்துத் தைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் போனின் கனத்தில் துணி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும்.

துணிக்கு வருவோம். பருத்தி சும்மா இருக்கும்போதே காற்றிலிருந்து தன் எடையில் சுமார் 8 விழுக்காடு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை விழுக்காட்டைக்கூடத் தொடாது. மதியத்துக்கு மேல் முதுகில் ஒட்டிக்கொண்டு வாடையடிக்கிற 'அயர்ன் வேண்டாத' சட்டையின் ரகசியம் அதுதான். அதற்காகச் சுத்தப் பருத்திதான் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். காலையில் இஸ்திரி போட நேரம் இருக்கிறவர்கள் எத்தனை பேர்? இரண்டும் கலந்த துணி பலருக்கு நடைமுறையில் ஒத்துவருகிறது. வாங்கும்போது ஓரத்தை உள்ளங்கையில் பத்து நொடி கசக்கிப் பிடித்து விடுங்கள். சுருக்கம் அப்படியே நின்றால், பயணம் முடிந்து இறங்கும்போது உங்கள் மடியும் அப்படித்தான் இருக்கும். விஸ்கோஸ், ரேயான் வகைகள் கொடியில் தொங்கும்போது அழகு, முதல் சலவையில் நன்றாகச் சுருங்கக்கூடியவை. தைக்குமுன் நனைத்துக் காயவையுங்கள். பேன்ட் துணியில் இரண்டு, மூன்று விழுக்காடு எலாஸ்டேன் என்ற இழுபடும் நூல் கலந்திருந்தால் உட்கார்ந்து எழ வசதி. ஆனால் கொதிக்கக் கொதிக்க இஸ்திரி போட்டால் அந்த நூல் செத்துப்போய் முழங்காலில் பை விழுந்துவிடும்.

வெளிச்சத்தையும் பாருங்கள். கடை விளக்கில் ஒரே கறுப்பாகத் தெரிந்த மேற்சட்டையும் பேன்ட்டும் வெயிலில் ஒன்று நீலமும் ஒன்று பழுப்புமாகக் காட்டிக்கொடுக்கும். துணிக்குள் கையை விட்டு ஜன்னல் பக்கம் தூக்கிப் பாருங்கள். விரல் தெரிந்தால் லைனிங் வேண்டும். வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளை உள்ளாடை பளிச்சென்று தெரியும், தோல் நிறத்தை ஒட்டியது தெரியாது. வீடியோ மீட்டிங் நாளில் நெருக்கமான மெல்லிய கோடுகளும் சின்னச் சின்னக் கட்டங்களும் வேண்டாம். கேமராவில் அவை நெளியும், பார்க்கிறவர்களுக்குக் கண் கூசும்.

ஆபீஸ் ஏசியில் உங்களுக்கு மட்டும் ஏன் குளிர்கிறது என்று தோன்றியிருக்கிறதா? பல கட்டடங்களின் வெப்பநிலைக் கணக்கு 1960-களில் உருவானது, அதில் மாதிரியாக வைத்தது சுமார் 70 கிலோ எடையுள்ள 40 வயது ஆணை. 'நேச்சர் கிளைமேட் சேஞ்ச்' இதழில் 2015-ல் வந்த ஓர் ஆய்வு, இந்தக் கணக்கு பெண்ணுடலின் வெப்ப உற்பத்தியை 35 விழுக்காடு வரை மிகையாக மதிப்பிடக்கூடும் என்று காட்டியது. ஆக, உங்கள் உடம்புக்குத் தேவையானதைவிட ஏசி குளிராக இருக்கிறது, குறை உங்களிடம் இல்லை. வருத்தம் என்னவென்றால், காலையில் பார்த்துப் பார்த்து உடுத்திப் போகிறவர்கள் அங்கே போனதும் நாற்காலி முதுகில் நிரந்தரமாகக் கிடக்கிற பழைய ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். நாளில் ஏழு மணி நேரம் மற்றவர்கள் பார்ப்பது அந்த ஸ்வெட்டரைத்தான்! தோளில் சரியாக நிற்கும் ஜாக்கெட் ஒன்று, அடர்நிறத்தில், எல்லா உடைக்கும் பொருந்துகிற மாதிரித் தைத்துக்கொள்ளுங்கள். அலமாரியில் நான் காசைக் கொட்டச் சொல்கிற ஒரே இடம் அது.

துப்பட்டா போடுகிறவர்கள் நாற்காலிச் சக்கரத்தைக் கவனியுங்கள். இரண்டு முனையும் தரையைத் தொடத் தொங்கவிட்டு நாற்காலியைத் திருப்பினால் சக்கரம் சுருட்டிக்கொள்ளும். என்னிடம் கிரீஸ் கறையோடு வந்த துப்பட்டாக்கள் ஏராளம். நாற்காலியில் துணிதான் போகும், வண்டியில் உயிரே போகும். நாட்டியக் கலைஞர் இசடோரா டங்கன் 1927-ல் இறந்தது கழுத்துத் துணி கார்ச் சக்கரத்தில் சிக்கித்தான். ஒரு தோளில் மடித்துப் பின் குத்துங்கள், அல்லது நீளத்தைக் குறைத்து ஓரம் அடித்துக்கொள்ளுங்கள். புடவை முந்தானைக்கும் இதேதான்: உட்கார்ந்த நிலையில் தரையைத் தொடாத நீளம்.

செருப்பைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஜப்பானில் 2019-ல் பெண்கள், வேலையிடத்தில் ஹீல்ஸைக் கட்டாயமாக்காதே என்று 'குடூ' இயக்கம் நடத்தினார்கள். காலணிக்கும் வலிக்குமான ஜப்பானியச் சொற்களைச் சேர்த்துக் கட்டிய பெயர். என் பங்குக்கு ஒன்று: எந்தச் செருப்போடு போகப்போகிறீர்களோ அதைப் போட்டுக்கொண்டு பேன்ட் நீளம் அளக்கக் கொடுங்கள், அதைப் போட்டுக்கொண்டே கொசுவம் செருகுங்கள். வெறுங்காலில் அளந்த பேன்ட் ஹீல்ஸில் கணுக்காலுக்கு மேல் நிற்கும். ஹீல்ஸில் அளந்தது தட்டைச் செருப்பில் தரையைப் பெருக்கும்.

ஒரு வாடிக்கையாளர் தன் ஆபீஸ் உடை விதிமுறையை அச்செடுத்து வந்து, "இதுக்கு ஏத்த மாதிரி தைக்கணும்க்கா" என்றாள். ஆண்களுக்கு ஒரு வரி. பெண்களுக்கு அரைப் பக்கம். அதில் 'கண்ணியமான' என்ற சொல் நான்கு முறை. கண்ணியத்தை இஞ்ச் டேப்பில் எப்படி அளப்பது? மெஷின் ஓடும் இடத்தில் தொங்கும் துணி கூடாது, ஆய்வகத்தில் கால் மூடிய ஷூ வேண்டும் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. கைநீளம் முழங்கையைத் தொட வேண்டும் என்பதற்கு என்ன காரணம் என்று கேட்கிற உரிமை அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு உண்டு. அவளுக்கு விதிப்படியே தைத்துக் கொடுத்தேன், பாக்கெட்டை மட்டும் கேட்காமலே வைத்தேன்.

போட்டதையே போடுவது பற்றிப் பலருக்கும் கூச்சம். சாதா நிறப் பேன்ட் வாரம் இரண்டு தடவை வந்தாலும் யாருக்கும் நினைவிருக்காது. பெரிய பூப்போட்ட மேற்சட்டை மாதம் இரண்டு தடவை வந்தாலே தெரியும். ஒன்றோடொன்று சேரும் மூன்று பேன்ட், ஆறு மேற்சட்டை இருந்தால் 18 விதமாக உடுத்தலாம். பதினெட்டு செட் வாங்க வேண்டியதில்லை.

இன்டர்வியூவுக்கோ முதல் நாள் வேலைக்கோ தைத்த உடையை, ஒரு வாரம் முன்பே வீட்டில் முழு நாள் போட்டுக்கொண்டு இருந்து பாருங்கள். எங்கே குத்துகிறது, எங்கே ஏறுகிறது என்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும், திருத்தவும் நாள் இருக்கும். முந்தின நாள் இரவு எட்டு மணிக்கு வந்து ஷட்டரைத் தட்டினால், என்னால் தர முடிவது ஒரு பிரஸ் பட்டனும் ஊசிநூலும்தான்.